கப்பற் செலவும் கைச் செலவும்



'செலவு' என்னும் தமிழ்ச் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. இன்று நாம் அதனைப் பணம் கழிவதற்கே வழங்குகிறோம். பழைய இலக்கியத்திலோ அது பயணத்தைக் குறித்தது. பொருள் தேடப் புறப்பட எண்ணிய தலைவன், தலைவியைப் பிரிய மனம் ஒருப்படாமல் புறப்பாட்டை ஒத்தி வைப்பதைச் 'செலவழுங்குதல்' என்று அகப்பொருள் இலக்கணம் கூறும். ஆள் செல்வதும் செலவு. காசு செல்வதும் செலவு. இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் இடம் ஒன்று உண்டானால் அது இன்றைய உல்லாசக் கப்பல்தான். அங்கே நாம் உறங்கும்போதும் கப்பல் செல்கிறது. நாம் உணராமலே காசும் செல்கிறது. அந்தக் காசை எந்த வழியில் செலுத்துவது நமக்கு நல்லது என்பதைப் பற்றியே இன்று சிறிது சிந்திக்கப் போகிறோம்.

பிழைப்பை நாடி மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் குடியேறிய நமக்கு, விடுமுறை என்றால் நெடுங்காலமாக ஒரே பொருள்தான்: ரயிலேறி ஊருக்குச் செல்வது. அண்மைக் காலத்தில் அவ்வழக்கம் சற்றே மாறி வருகிறது. ஊரிலிருக்கும் பெற்றோரை நாம் இருக்கும் நகரத்துக்கு வரவழைத்து, அவர்களோடு கூடிக் கடற்பயணம் சென்று வரும் ஆவல் நம்மவரிடையே வளர்ந்திருக்கிறது. அதற்கு வாய்ப்பும் உண்டாகியிருக்கிறது. 2021 செப்டம்பரில் கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் மும்பையிலிருந்து தன் பயணங்களைத் தொடங்கியது. 2022 ஜூன் மாதத்தில் அதே கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்கும் சென்றது. இன்னும் சற்று வசதி படைத்தோர் சிங்கப்பூருக்கு விமானத்தில் சென்று, அங்கே பெரிய அயல்நாட்டுக் கப்பல்களில் ஏறுகின்றனர்.

கப்பல் நமக்குப் புதிதன்று. 1926-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் 'ராஜுலா' என்னும் கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் முன்னோரை ஏற்றிச் சென்றது. அதன் பின் 'சிதம்பரம்' என்னும் கப்பல், 1985-இல் தீ விபத்துக்கு ஆளாகும் வரை, அவ்வழியே சென்று வந்தது. மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்துச் சென்ற அந்தப் பயணிகள் தம் பணத்தை வேட்டி மடியிலோ இடுப்புச் சுருக்குப் பையிலோ முடிந்து வைத்திருந்தனர். ஒரு காசு கொடுக்க வேண்டுமென்றாலும் முடிச்சை அவிழ்க்க வேண்டும்; அவிழ்க்கும்போதே எவ்வளவு குறைந்தது என்று கைக்குத் தெரிந்துவிடும். இன்றைய உல்லாசக் கப்பலில் அவிழ்ப்பதற்கு முடிச்சே இல்லை. வேறுபாடு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

இன்றைய உல்லாசக் கப்பல்களில் உணவுக் கூடத்திலும் கடையிலும் ரொக்கம் வாங்குவதில்லை. துறைமுகத்தில் பெயரைப் பதிவு செய்யும்போது பயணி ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை தருகின்றனர். அறைக் கதவைத் திறக்கும் சாவியும் அதுவே. கப்பலை விட்டு இறங்கவும் மீண்டும் ஏறவும் காட்ட வேண்டிய அடையாளச் சீட்டும் அதுவே. வாங்கும் பொருளுக்குக் கணக்கெழுதும் கருவியும் அதுவே. சில கப்பல்களில் அட்டைக்கு மாறாகக் கைக்காப்புப் போன்ற பட்டையை அணிவிக்கின்றனர். காப்பி வேண்டுமா, அட்டையை நீட்ட வேண்டும். குழந்தைக்குப் பொம்மை வேண்டுமா, அட்டையை நீட்ட வேண்டும். ஒவ்வொன்றும் நம் அறைக் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். இறுதி நாளன்று மொத்தத் தொகை தீர்க்கப்படும். அதை எதிலிருந்து தீர்ப்பது என்பதை மட்டும் முதல் நாளே அவர்கள் கேட்டு எழுதிக்கொள்கின்றனர். ஒன்று, வங்கி அட்டை ஒன்றைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். அல்லது ரொக்கமாக ஒரு தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும்.

நம் வீட்டுப் பெரியோர்க்கு இம்முறையை விளக்குவது எளிது. மளிகைக் கடையில் நாம் வைத்திருந்த பற்று நோட்டைச் சொன்னால் போதும். மாதம் முழுவதும் பருப்பும் புளியும் எண்ணெயும் நோட்டில் எழுதி வாங்குவோம். சம்பள நாளன்று கூட்டிப் பார்ப்போம். கைமேல் காசு கொடுத்து வாங்கிய மாதத்தைவிட நோட்டில் எழுதி வாங்கிய மாதத்தில் தொகை மிகுந்திருக்கும் என்பதை இல்லத்தரசிகள் அனைவரும் அறிவர். காசு கையை விட்டுப் போகும்போது உண்டாகும் சிறு வருத்தமே நம்மைக் காக்கும் காவல். நோட்டு அந்த வருத்தத்தை மாதக் கடைசிக்கு ஒத்தி வைக்கிறது. கப்பல் அட்டை அதனைப் பயணத்தின் கடைசி இரவுக்கு ஒத்தி வைக்கிறது. ஆகவே, எந்த வழியில் பணம் கட்டுவது என்று தேர்ந்தெடுக்கும்போது, வட்டியும் கட்டணமும் மட்டுமே நம் கணக்கில் வரக் கூடாது. செலவை எப்போது உணரப் போகிறோம், யார் உணரப் போகிறார்கள் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

முதலில், பயணக் கட்டணம் கொடுத்த பின் வேறென்ன செலவு வரும் என்று சிலர் வினவக்கூடும். தங்கும் அறையும், பொது உணவுக் கூடத்தில் வேளைதோறும் உணவும், பெரும்பாலான நிகழ்ச்சிகளும் கட்டணத்தில் அடங்கியவை. சிறப்பு உணவகங்கள், பானங்கள், இணையத் தொடர்பு, நிழற்படங்கள், ஒப்பனை நிலையம், கடைப் பொருள்கள், கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் ஏற்பாடுகள் ஆகியவை பெரும்பாலும் தனி. அயல்நாட்டுக் கப்பல்களில் பணியாளர்க்கான அன்பளிப்பும் உண்டு. பெயரளவில் அது அன்பளிப்பு. நடைமுறையில் அது நாள்தோறும் தலைக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறும் தொகை. பெரிய அமெரிக்க நிறுவனங்களின் கப்பல்களில் அது ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை இருக்கிறது. 18 டாலர் என்று வைத்துக்கொண்டு, நால்வர் கொண்ட குடும்பம் நான்கு இரவு பயணம் செய்வதாகக் கணக்கிட்டால் 288 டாலர் ஆகிறது. ஒரு டாலருக்கு 90 ரூபாய் என்று கொண்டால் இது 25,920 ரூபாய். ஒரு குவளை பழச்சாறுகூட வாங்காத குடும்பத்திற்கும் இத்தொகை உண்டு. சீட்டு வாங்கும்போதே இது சேர்க்கப்பட்டதா என்று கேட்டுத் தெளிவது முதற்கடமை. பானங்களை வாங்கினால் அவற்றின் விலைமேல் 18 அல்லது 20 விழுக்காடு சேவைக் கட்டணம் கூட்டும் கப்பல்களும் உள்ளன.

இனி, பணம் கட்டும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, ரொக்க முன்பணம். கப்பலில் விருந்தினர் உதவி மேடை என்று ஓரிடம் உண்டு. முற்காலத்தில் 'பர்சர்' என்னும் அதிகாரி அமர்ந்து பணக் கணக்கைப் பார்த்த இடத்தின் வழித்தோன்றல் அது. அங்கே ஒரு தொகையைக் கட்டினால் அத்தொகை தீரும் வரை அட்டை செல்லும்; தீர்ந்தவுடன் அட்டை நின்றுவிடும். மேலும் வேண்டுமானால் மீண்டும் மேடைக்குச் சென்று கட்ட வேண்டும். மிச்சமிருந்தால் இறுதியில் திருப்பித் தருவர். வரிசையில் நிற்க வேண்டியிருப்பது இதன் குறை. வரம்பு தானாகவே அமைந்துவிடுவது இதன் நிறை. மடியில் முடிந்த காசுக்கு மிக அருகில் நிற்பது இம்முறைதான். கப்பலுக்குக் கப்பல் விதி வேறுபடுவதால், முன்பணமாக எவ்வளவு ரொக்கம் ஏற்பார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, டெபிட் அட்டை. அதாவது நம் வங்கிச் சேமிப்புக் கணக்கோடு இணைந்த அட்டை. 'கடன் வாங்கவில்லை, நம் பணத்தைத்தானே கொடுக்கிறோம்' என்று நம்மவர் பலர் இதனையே நாடுகின்றனர். எண்ணம் நல்லது, கப்பலில் மட்டும் இது இடர் தரும். காரணம் யாதெனில், கப்பல் நிறுவனத்தார் முதல் நாளே ஒரு தொகையை அட்டையில் பிடித்து வைப்பர். செலவு ஏற ஏற மேலும் பிடித்து வைப்பர். பிடித்து வைத்த தொகையை அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. ஆயினும் நாமும் அதைத் தொட முடியாது. இறுதியில் உண்மையான கணக்கு தீர்ந்த பிறகும் பிடித்து வைத்ததை விடுவிக்கச் சில வங்கிகள் பல நாள் எடுத்துக்கொள்கின்றன. அந்த நாள்களுக்குள் வீட்டு வாடகை வரும். பள்ளிக் கட்டணம் வரும். மாதத் தவணை பிடிக்க வங்கி கையை நீட்டும். கணக்கில் பணம் இருந்தும் இல்லாத நிலை உண்டாகும். தவணை தவறினால் அபராதமும் சேரும். ஆகையால் சம்பளம் வந்து சேரும் கணக்கின் அட்டையைக் கப்பலில் பதிவு செய்யாதிருப்பதே நலம்.

மூன்றாவது, கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டை. இதிலும் தொகையைப் பிடித்து வைப்பார்கள். ஆனால் இங்கே முடங்குவது நம் கடன் வரம்பின் ஒரு பகுதிதான். சேமிப்பில் இருக்கும் பணம் அப்படியே இருக்கும். கணக்கில் பிழை நேர்ந்தால் வங்கியிடம் முறையிட்டுத் தொகையை எதிர்க்கவும் வழி உண்டு. எனவே வசதியில் இதுவே முந்தி நிற்கிறது. இதன் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கடைசி இரவில் உணர வேண்டிய செலவை இது மேலும் ஒரு மாதம் தள்ளிப்போடுகிறது. அப்போதும் முழுத் தொகையைக் கட்டாமல் குறைந்தபட்சத் தொகையைக் கட்டி நிறுத்தினால், மாதத்திற்கு 3 விழுக்காட்டுக்கு மேல் வட்டி ஏறும் அட்டைகளே நம் நாட்டில் மிகுதி. 45,000 ரூபாய்க் கணக்குக்கு மாதம் மூன்றரை விழுக்காடு என்றால் முதல் மாத வட்டியே 1,575 ரூபாய். நான்கு நாள் கண்ட கடலுக்கு நாற்பது வாரம் வட்டி கட்டுவது அறிவுடைமை ஆகாது. அடுத்த மாதம் முழுத் தொகையையும் கட்டக்கூடியவர்களுக்கே கடன் அட்டை ஏற்றது.

இவ்விடத்தில் ஒரு நல்ல ஏற்பாட்டைக் குறிப்பிட வேண்டும். ரிசர்வ் வங்கி 2020-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதியின்படி, புதிதாக வழங்கப்படும் அட்டைகள் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். அயல்நாட்டில் செல்ல வேண்டுமானால் நாமே அதனைத் திறந்துவிட வேண்டும். எவ்வளவு தொகை வரை செல்லலாம் என்ற வரம்பையும் நாமே அமைக்கலாம். இதனைத் தொல்லை என்று கருத வேண்டா. நம் கையாலேயே சுருக்குப் பையின் வாயைச் சுருக்கும் வசதி என்று கொள்ளலாம். குடும்பம் தாங்கும் தொகையைக் கணக்கிட்டு, அதற்குச் சற்று மேலாக வரம்பை அமைத்துக்கொண்டு கப்பலேறினால், கடன் அட்டையும் ஓரளவு ரொக்க முன்பணத்தைப் போலக் கட்டுக்குள் நிற்கும். இவ்வேலையைக் கரையிலிருக்கும்போதே முடித்துவிட வேண்டும். கடலுக்குள் சென்றபின் கைப்பேசித் தொடர்பு அற்றுப்போகும். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் நமக்கு வந்து சேராது. கைப்பேசி வழியே பணம் அனுப்பும் யு.பி.ஐ. முறையை நம்பிக் கப்பலேறுவதும் இதே காரணத்தால் பொருந்தாது. தெருமுனைக் காய்கறிக் கடையில் கைகொடுக்கும் அம்முறை நடுக்கடலில் கைவிடக்கூடும்.

நான்காவது, வெளிநாட்டுப் பணம் நிரப்பிய முன்கட்டண அட்டை. ஃபோரெக்ஸ் கார்டு என்று வங்கிகள் இதனை அழைக்கின்றன. டாலரை முன்கூட்டியே ஒரு விலைக்கு வாங்கி இதில் நிரப்பிக்கொள்கிறோம். இடையில் ரூபாயின் மதிப்பு இறங்கினாலும் நமக்கு இழப்பில்லை. ஆனால் இதனை முதல் நாள் பதிவு செய்தால், டெபிட் அட்டைக்குச் சொன்ன அதே இடர் இதற்கும் உண்டு. பிடித்து வைத்த தொகையும் தீர்த்த தொகையுமாக இருமடங்கு பணம் சில நாள் முடங்கிப்போகலாம். முன்கட்டண அட்டைகளைப் பதிவுக்கு ஏற்காத கப்பல்களும் உள்ளன. இதற்கொரு மாற்று வழி இருக்கிறது. பதிவுக்குக் கடன் அட்டையைக் காட்டிவிட்டு, கடைசி நாள் மாலையில் உதவி மேடைக்குச் சென்று, நிற்கும் பாக்கியை முன்கட்டண அட்டையாலோ டாலர் நோட்டாலோ தீர்த்துவிடலாம். பல கப்பல்களில் இதற்கு இடம் தருகின்றனர். அவ்வாறு செய்தால் கடன் அட்டை ஜாமீனாக மட்டும் நிற்கும்.

அயல்நாட்டுக் கப்பலேறுவோர் நாணய மாற்றைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டுத் துறைகளிடையே செல்லும் கப்பலில் விலை ரூபாயில் இருக்கும். சிங்கப்பூரில் ஏறும் அயல்நாட்டுக் கப்பல்களில் அது பெரும்பாலும் அமெரிக்க டாலரில் இருக்கும். சிங்கப்பூர் டாலரோடு அதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. நம் கடன் அட்டைகள் பலவற்றில் அயல்நாட்டுச் செலவுக்கு மூன்றரை விழுக்காடு வரை மாற்றுக் கட்டணமும், அக்கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு வரியும் உண்டு. 500 டாலர் செலவழித்து, டாலர் 90 ரூபாய் என்று கொண்டால், செலவு 45,000 ரூபாய். கட்டணம் 1,575 ரூபாய். அதன் மேல் வரி 283 ரூபாய் 50 காசு. ஆக 1,858 ரூபாய் 50 காசு கூடுதலாகப் போகிறது. இக்கட்டணம் குறைந்த அட்டைகளும் உள்ளன. கையிலுள்ள அட்டைகளில் எது குறைவு என்று புறப்படுமுன் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு கண்ணியும் உண்டு. 'உங்கள் வசதிக்காகக் கணக்கை இந்திய ரூபாயிலேயே போட்டுத் தரட்டுமா?' என்று கனிவாகக் கேட்பார்கள். அயலிடத்தில் நம் ரூபாயின் பெயரைக் கேட்டதும் மனம் குளிரும். சரி என்று தலையசைத்துவிடுவோம். அவர்கள் டாலரை ரூபாயாக மாற்றுவது தாங்கள் வகுத்த விலையில். அதில் அவர்களுடைய ஆதாயமும் அடங்கியிருக்கும். இவ்வாறு ரூபாயில் வந்த அயல்நாட்டுக் கணக்கின் மேலும் ஒரு கட்டணம் விதிக்கும் வங்கிகள் நம் நாட்டில் உள்ளன. ஆகவே, அயல்நாட்டுக் கப்பலில் எந்த நாணயத்தில் விலை எழுதியிருக்கிறதோ அந்த நாணயத்திலேயே கணக்கைத் தீர்ப்பது நன்று.

டாலர் நோட்டாகக் கொண்டு செல்வோர்க்கு ஒரு சொல். ஒரு பயணத்திற்கு 3,000 டாலர் வரையே பொதுவாக நோட்டாக வாங்கிச் செல்லலாம். அதற்கு மேற்பட்டதை முன்கட்டண அட்டை முதலிய வழிகளில் கொண்டு செல்ல வேண்டும். மிஞ்சிய முன்பணத்தை டாலராகவே திருப்பித் தந்தால் அஞ்ச வேண்டியதில்லை. 2,000 டாலர் வரை நம்மிடம் வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அதற்கு மேல் இருந்தால் திரும்பி வந்த 180 நாள்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும்.

இதுவரை பணத்தின் கணக்கைப் பார்த்தோம். இனி மனிதரின் கணக்கைப் பார்ப்போம். யாருடைய அட்டை யாருடைய கணக்கோடு இணைந்திருக்கிறது என்பது வட்டி விகிதத்தைவிடப் பெரிய செய்தி என்றே நாம் கருதுகிறோம்.

மகன் தன் கடன் அட்டையைப் பதிவு செய்கிறான். தாய் தந்தையரின் கப்பல் அட்டைகளையும் அதனோடு இணைத்துவிடுகிறான். அன்பினால் செய்யும் செயல்தான். ஆனால் நம் பெற்றோரின் இயல்பை நாம் அறிவோம் அல்லவா? தன் செலவு மகன் தலையில் ஏறும் என்று தெரிந்த தாய், ஒரு குவளை காப்பிக்கும் அட்டையை நீட்ட மாட்டாள். 'எனக்கு இப்போது வேண்டாமப்பா, காலையில் குடித்ததே போதும்' என்று சொல்லிக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தந்தையோ, எல்லாம் கட்டணத்தில் அடக்கம் என்று நம்பி, பொதுக் கூடத்துக் காப்பி இலவசம், அடுத்த மேடையிலுள்ள காப்பிக்கு விலை உண்டு என்ற வேறுபாட்டை அறியாமல், மூன்று நாளும் அந்த மேடையிலேயே நண்பர்களுக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்திருப்பார். கடைசி நாள் கணக்குச் சீட்டைக் காணும்போது அவர் முகம் வாடும். மகன் ஒன்றும் சொல்லாவிட்டாலும் வாடும். வாழ்நாளெல்லாம் கையூன்றிக் குடும்பத்தை நடத்திய ஒருவர், தம் செலவுக்குப் பிறர் சீட்டில் கணக்கு நிற்பதைக் காண்பது எளிய செய்தி அன்று.

இதற்குத் தீர்வு கடினமானதும் அன்று. ஒரே அறையில் தங்குவோர்க்குக்கூடத் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ளப் பெரும்பாலான கப்பல்களில் முடியும். பெற்றோர் இருவர் பெயரிலும் ஆளுக்கு மூவாயிரமோ ஐயாயிரமோ ரொக்க முன்பணம் கட்டி, அட்டையை அவர்கள் கையில் கொடுத்து, 'இது உங்கள் பணம். மிஞ்சியதை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட வேண்டும். கூடவே, எதற்கு விலை உண்டு, எதற்கு விலை இல்லை என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு பாருங்கள்: தாய் தயங்காமல் காப்பி வாங்குவாள், பேரனுக்கும் ஒன்று வாங்கித் தருவாள். பேரனுக்குத் தன் காசில் வாங்கிக் கொடுப்பதில் ஒரு பாட்டிக்கு உண்டாகும் மகிழ்ச்சியைக் கப்பலின் எந்த நிகழ்ச்சியும் தர இயலாது.

குழந்தைகளின் அட்டை இதற்கு நேர்மாறு. பிள்ளைகள் கையில் உள்ள அட்டையும் நம் கணக்கில் எழுதும் ஆற்றல் உடையதாக இருக்கலாம். விளையாட்டுக் கருவிகள் நிறைந்த கூடத்தில் ஒரு மாலைப்பொழுதில் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் நாளே உதவி மேடையில் சொல்லி, அவர்கள் அட்டை கதவைத் திறக்க மட்டும் பயன்படுமாறு செய்துகொள்ளலாம். அல்லது நாளுக்கு இவ்வளவு என்று வரம்பு வைக்கலாம்.

நம் தமிழ்ச் சங்கங்களின் சார்பில் ஐந்தாறு குடும்பங்கள் ஒன்றாகப் புறப்படுவதும் உண்டு. அவ்வேளையில் சுறுசுறுப்பான அன்பர் ஒருவர், 'எல்லாவற்றையும் என் அட்டையிலேயே போடுங்கள். ஊர் திரும்பியதும் பார்த்துக்கொள்ளலாம்' என்று முன்வருவார். இந்தப் பெருந்தன்மையைப் பணிவோடு மறுத்துவிடுவது நட்புக்கு நல்லது. வங்கிச் சீட்டு வந்து சேரச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் யார் எதை உண்டார், யார் எதை வாங்கினார் என்பதில் ஒவ்வொருவர் நினைவும் ஒவ்வொரு விதமாக இருக்கும். மாற்றுக் கட்டணம் யார் பங்கு, அன்பளிப்பு யார் பங்கு என்ற பேச்சு எழும். கேட்கக் கூச்சப்படுபவர் இழப்பார். கொடுக்க மறந்தவர் பெயர் கெடும். பிற மாநிலத்தில் வாழும் நமக்கு உற்றார் உறவினர் எல்லாம் இந்த ஐந்தாறு குடும்பங்கள்தாம். அவ்வுறவைச் சில ஆயிரம் ரூபாய்க்குப் பணயம் வைக்கலாகாது. குடும்பத்துக்கு ஒரு கணக்கு. பொதுச் செலவுக்கு முன்கூட்டியே ஆளுக்கு இவ்வளவு என்று திரட்டிய ரொக்கம். இதுவே சரியான முறை.

முதியோரை அழைத்துச் செல்வோர் மறவாமல் எண்ண வேண்டியது மருத்துவச் செலவு. கப்பலில் மருத்துவர் உண்டு. அவர் பார்த்தால் கட்டணமும் உண்டு. அதுவும் அறைக் கணக்கிலேயே ஏறும். அயல்நாட்டுக் கப்பலில் அது பெருந்தொகையாகவும் இருக்கலாம். நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை நாட்டுக்கு வெளியே செல்லாதவை. அதனால் பயணக் காப்பீடு ஒன்றைத் தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலும், முதலில் நாம் பணம் கட்டிவிட்டுப் பின்னர் சீட்டுகளைக் காட்டித் திரும்பப் பெறும் நிலையே பெரும்பாலும் உண்டாகும். ஆகவே ரொக்க முன்பணத்தில் பயணம் செய்வோரும் தேவைக்கென்று ஒரு கடன் அட்டையைப் பயன்படுத்தாமல் பையில் வைத்திருப்பது நல்லது. அட்டைக்கு நாம் அமைக்கும் வரம்பும் இதற்குச் சற்று இடம் விட்டு அமைய வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் நாள்தோறும் கணக்கைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அறையிலுள்ள தொலைக்காட்சியிலோ கைப்பேசிச் செயலியிலோ அன்றைய கணக்கைக் காட்டும் கப்பல்கள் உள்ளன. இல்லையென்றால் உதவி மேடையில் கேட்டால் அச்சிட்டுத் தருவர். இரவு உணவுக்குப் பின் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால் போதும். பிறர் வாங்கியது நம் அறையில் ஏறியிருந்தால் அன்றே சொல்லித் திருத்தலாம். கடைசி நாள் காலையில் சொல்வோம் என்று விட்டால், இறங்குவோர் அனைவரும் அதே எண்ணத்தோடு மேடையின் முன் வரிசையில் நிற்பார்கள். நமக்கோ ரயிலுக்கோ விமானத்துக்கோ நேரம் நெருங்கும். 'போகட்டும்' என்று விட்டுவிட்டு இறங்குவோம்.

சுருங்கச் சொன்னால், வருவாய் அளவானது, செலவு வரம்புக்குள் நிற்க வேண்டும் என்போர் ரொக்க முன்பணம் கட்டலாம். அடுத்த மாதமே முழுத் தொகையைத் தீர்க்கக்கூடியவர்கள் வரம்பமைத்த கடன் அட்டையைப் பதிவு செய்யலாம். அயல்நாட்டுக் கப்பலேறுவோர் கடன் அட்டையை ஜாமீனாகக் காட்டி, கடைசி மாலையில் டாலரிலேயே தீர்க்கலாம். சம்பளக் கணக்கின் அட்டையை எவரும் கொடுக்க வேண்டா. பெற்றோர்க்குத் தனிக் கணக்கு வேண்டும்.

இவற்றைத் துறைமுகத்து வரிசையில், பின்னால் நூறு பேர் நிற்க, எழுத்தர் பேனாவோடு காத்திருக்கும் நேரத்தில் தீர்மானிக்க இயலாது. பெட்டி கட்டுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வீட்டார் அனைவரும் கூடியிருக்கும் வேளையில், எவ்வளவு செலவிடலாம், யார் பெயரில் எவ்வளவு, எந்த அட்டை என்று பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்வோம். அப்பேச்சில் பெரியவர்களையும் கலந்துகொள்வோம். அவர்கள் பங்குக்கு ஒரு தொகை தர விரும்பினால் தடுக்காமல் பெற்றுக்கொள்வோம்.